சீசரின் கழுத்துக் கட்டை

ஒரு நாய் சண்டை போடாமல் இருந்தால் அது திருந்திவிட்டது என்று அர்த்தமா? எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேசுகிறவர்களையும் நான் அவ்வளவாக நம்புவதில்லை.

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கூடவே ஒரு சத்தமும் வரும். சிமென்ட்டுத் தரையில் மரக்கட்டை இடிக்கிற சத்தம்... டொக், டொக், டொக்.

எண்பதுகளில் விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்கு ஸ்டேஷனில் புக்கிங் கிளார்க் வேலை. நான் ஆரம்பப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாயின் பெயர் சீசர். செம்மண் நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்து நிற்கும். மனிதர்கள் யார் வந்தாலும் வாலாட்டும். திருடன் வந்தால் பீரோ இருக்கிற இடத்தைக் காட்டிவிட்டுத்தான் படுக்கும் என்று அப்பா சொல்வார்.

இன்னொரு நாய் கண்ணில் பட்டால் மட்டும் கதை வேறு. குரைக்காது, உறுமாது. நேராகப் போய்க் கவ்வும். வாளித் தண்ணீரை ஊற்றித்தான் பிரிக்க வேண்டும். சங்கிலியில் கட்டினால் நாள் முழுக்க ஊளை. டியூட்டி முடித்துத் தூங்குகிற அப்பா எழுந்து வந்து அவிழ்த்துவிடுவார்.

அம்மாவுக்குத் திண்டிவனம் பக்கம் பிரம்மதேசம். விவசாயக் குடும்பம். எந்தப் பிரச்சினையையும் மாட்டிலிருந்துதான் யோசிக்கத் தொடங்குவார். அடங்காத மாட்டின் கழுத்தில் ஒரு கட்டையைக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். ஓடினால் அது முன்னங்காலில் இடிக்கும். மாடு தானாக நின்றுவிடும்.

“மாட்டுக்குக் கட்றாங்க இல்ல, நாயிக்குக் கட்னா என்னவாம்?”

“காலனியே சிரிக்கும்டி,” என்றார் அப்பா.

“சிரிக்கட்டும். தெனம் சண்டைய வெலக்கிக்கினு கெடக்கறதுக்கு அது தேவல.”

காலனி சிரிக்கத்தான் செய்தது. “என்னா விஜியம்மா, ஏர்ல பூட்டப் போறீங்களா?” என்று கேட்டார் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா. அவரிடம் லில்லி என்று ஒரு வெள்ளை பொமரேனியன் இருந்தது. மெட்ராஸிலிருந்து கூடையில் வந்த நாய். காலனியில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது.

ஆனால் கட்டை வேலை செய்தது.

முதலில் சீசர் இடித்துக்கொண்டு நொண்டியது. பிறகு கட்டையை ஒரு பக்கமாக ஒதுக்கி, நண்டு மாதிரி ஓடக் கற்றுக்கொண்டது. அப்படியும் சண்டை இல்லை. மாதக்கணக்கில் ஒரு கடிகூட இல்லை. “எங்க அண்ணன் வூட்டு மாடுகூட இவ்ளோ சீக்கிரம் அடங்கல,” என்று அம்மா பெருமையாகச் சொல்வார்.

மாட்டுப் பொங்கல் வந்தது. ஊரில் அன்று மாடுகளைக் குளிப்பாட்டி, பழைய கயிற்றைக் கழற்றிப் போடுவார்கள். குவார்ட்டர்ஸில் மாடு ஏது... அம்மா சீசரைக் குளிப்பாட்டினார். நெற்றியில் மஞ்சள், குங்குமம். கட்டையை அவிழ்த்தார்.

“நல்ல நாளும் அதுவுமா கழுத்துல பாரம் எதுக்கு? அதான் திருந்திட்டானே.”

அன்று சாயங்காலம் லில்லி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் படுத்திருந்தது. எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஸ்டெல்லா அக்கா அலறிக்கொண்டு ஓடி வந்தபோது அதன் காது பாதி கிழிந்திருந்தது.

லில்லியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தார்.

“உங்க மேல எனக்குக் கோவம் இல்ல விஜியம்மா. ஆனா நாளிக்கும் இந்த நாயி இங்க இருந்துச்சுன்னா முனிசிபாலிட்டி வண்டிய நானே கூட்டிக்கினு வருவேன்.”

அந்த வண்டியில் ஏறிய நாய் எதுவும் திரும்பி வந்ததில்லை. அப்பா முடிவு செய்துவிட்டார். காலை பாசஞ்சரில் திண்டிவனம், அங்கிருந்து பிரம்மதேசம். மாமாவின் மல்லாட்டைக் கொல்லையில், அதாவது வேர்க்கடலை வயலில், விட்டுவிடுவது. அக்கம்பக்கத்தில் வேறு நாய் கிடையாது. நான் அழுதேன். “அங்க ராஜா மாதிரி இருக்கும் பாப்பா,” என்றார் அப்பா.

இப்போது நான் இருக்கும் அபார்ட்மென்ட்டில் இதே குணத்தோடு ஒரு நாய் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு டிரெய்னர் பிஸ்கட் பையோடு வருகிறார். பயம், சங்கிலி, குட்டியில் வளர்ந்த விதம் என்று காரணங்கள் சொல்கிறார். சரியாகவும் இருக்கலாம். “திருந்திடுச்சா சார்?” என்று கேட்டால், “இப்போதைக்கு கண்ட்ரோல்ல இருக்கு மேடம்,” என்பார். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல அன்று யாரும் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு கட்டை, ஒரு நல்ல நாள்.

அந்த மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நடந்தது இதுதான்.

அப்பா சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். சீசர் வாலாட்டிக்கொண்டே போனது. கட்டை குழாயடியில் கிடந்தது. கயிற்றைப் பிடித்து அதைச் சும்மா இழுத்துக்கொண்டு நடந்தேன். டொக், டொக்.

புங்கமரத்தடியில் படுத்திருந்த நாய்கள் எழுந்து நின்றன. பிறகு ஒவ்வொன்றாக அந்தப் பக்கம் போய்விட்டன. காதில் கட்டோடு வாசலில் கிடந்த லில்லி வீட்டுக்குள் ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டது.

அம்மா குடத்தோடு பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்டெல்லா அக்காவும் வாசலுக்கு வந்திருந்தார்.

“அப்ப இவன் அடங்கவே இல்லியா?” என்றார் அம்மா. “அதுங்கதான் சத்தத்தக் கேட்டு ஒதுங்கிக்கினு இருந்துச்சுங்களா?”

ஸ்டெல்லா அக்கா கட்டையையே பார்த்தார். “அதத் திரும்பக் கட்டிட்டாப் போதுமே... ஏ விஜி, ஜல்தி ஓடு! வண்டி கெளம்பறதுக்குள்ள அப்பாவக் கூப்பிடு!”

கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பிளாட்பாரம் காலியாக இருந்தது.

சாயங்காலம் அப்பா சங்கிலியோடு மட்டும் வந்தார். அம்மா விஷயத்தைச் சொன்னார்.

“மச்சானுக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு,” என்றார் அப்பா. “குடுத்தத எப்படித் திருப்பிக் கேக்கறது?”

அம்மா கட்டையை எடுத்து, வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் விறகோடு சேர்த்து வைத்தார்.