கையெழுத்துக்கு மேலே விட்ட இடம்

கையெழுத்தை முதலில் வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதுவதுதான் எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தின் வழக்கம். அந்த வழக்கத்தைக் கொண்டுவந்த புண்ணியவான் நான்தான். வண்ணார்பேட்டையில் கடை வைத்திருக்கிறவனைக் கூட்டத்துக்கு வரவழைப்பதே பெரும்பாடு. வந்தாலும் கால் தரையில் நிற்காது. உளுந்தவடையை ஒரு கையில் எடுப்பான், மறு கையால் நோட்டில் கையெழுத்துப் போடுவான், "நீங்க எழுதிக்கிடுங்க அண்ணாச்சி" என்று படியிறங்கிவிடுவான். அதனால் பக்கத்தின் மேல்பாதியைக் காலியாக விட்டுக் கீழ்ப்பாதியில் கையெழுத்து வாங்குவேன். எல்லாரும் போன பிறகு ஆற அமர உட்கார்ந்து, பேசியதை மேலே எழுதுவேன். ஜெராக்ஸ் கடைக்காரன், ஊராருக்கு மனு எழுதிப் பழகிய கை. இத்தனை வருஷத்தில் பேசாத ஒன்றை எழுதியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

சங்கத் தலைவன் என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி. பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடத்துக் கால்பந்து அணியில் இரண்டு பேரும் ஆடினோம். அவன் கோல் போடுகிறவன். நான் ஓரத்துக் கோட்டை ஒட்டி மூச்சு வாங்க ஓடி, பந்தை அவன் காலில் கொண்டுபோய்ச் சேர்க்கிறவன். கோல் விழுந்தால் அவனைவிட உயரமாக நான் குதிப்பேன். ஐம்பது வயது தாண்டியும் அந்தப் புத்தி எனக்குப் போகவில்லை. அவன் லாட்ஜ் கட்டியபோது குதித்தேன். புறவழிச்சாலையில் கல்யாண மண்டபம் கட்டியபோதும் குதித்தேன். அவனைச் சங்கத் தலைவனாக்கியதும் நான் கடை கடையாக ஏறி இறங்கிப் பேசித்தான்.

ஒருநாள் காலையில் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கும்போதே வந்து நின்றான்.

"ஏலே, ஆத்தங்கரையில புட்பால் ஸ்டேடியம் வரப்போவுது. நம்ம தெருவுக்கு அந்தால. வாசலே நம்ம தெருவப் பாத்துத்தான். ஆட்டம் அன்னைக்கு ஊரே இங்கனதான் நிக்கும். ஒனக்கு ஜெராக்ஸ் எடுக்கக் கை காணாது பாத்துக்க."

பந்தாட்டம் பார்க்க வருகிறவன் எதற்காக ஜெராக்ஸ் எடுக்கப்போகிறான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு சந்தோஷம். நாம் ஆடிய ஆட்டத்துக்கு நம் ஊரில் ஒரு ஸ்டேடியம், அதுவும் தாமிரபரணிக் கரையில், அதுவும் என் கடையிலிருந்து எட்டிப்பார்க்கும் தூரத்தில்! அன்றிலிருந்து கடைக்கு வருகிறவனிடமெல்லாம் அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தாலும் அதே பேச்சு. என் மனைவி, "ஆலயத்துக்கு வாரதே ஸ்டேடியத்தப் பத்திப் பேசத்தானோ?" என்று கேட்டாள்.

தெருவில் ஒரே ஒருத்தி மட்டும் அதில் மயங்கவில்லை. என் கடைக்கு எதிர்ப்பக்கம் இரண்டு கடை தள்ளி, ஆற்றைப் பார்த்த வரிசையின் கடைசியில் ஒரு மெஸ் இருக்கிறது. அதை நடத்துகிறவள் என்னைவிட இளையவள்தான். ஆனால் தெரு முழுக்க அவளை அக்கா என்று கூப்பிடுவதால் எனக்கும் அக்காதான். நான் அவளுக்கு அண்ணாச்சி. காலையில் இட்லி, மத்தியானம் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை சொதி. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள், பஸ் ஏறுகிறவர்கள், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் என்று எல்லாரும் அங்கேதான் சாப்பிடுவார்கள். வெள்ளம் வந்த வருஷம் அவள் கடைக்குள் இடுப்புக்கு மேலே தண்ணீர் நின்றது. அடுப்பு, அரிசி, பெஞ்சு எல்லாம் போயிற்று. சேற்றை அவளே வாரிக் கொட்டிவிட்டு, பத்தாம் நாள் இட்லிக் கொப்பரையை ஏற்றியவள். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்தக் கொப்பரைக்குள்தான் இருந்தது.

நான் இட்லியைப் பிட்டுக்கொண்டே ஸ்டேடியத்தின் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். அவள் சாம்பார் வாளியோடு நின்று கேட்டாள்.

"வாசல் நம்ம பக்கந்தான்னு யாரு சொன்னா அண்ணாச்சி?"

"தலைவருதான். யாரு சொல்லணும்?"

"படம் பாத்தியளா?"

"என்ன படம்?"

"கட்டப்போற படம். ஒரு வீடு கட்டுதவன்கூட முதல்ல படம்லா போடுதான். வாசல் எங்கன, அடுப்படி எங்கன்னு பாக்கான்."

"நீ ஒண்ணுக்கா. எல்லாத்துலயும் ஒரு சந்தேகம்" என்று சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டு சாம்பாரை ஊற்றினாள். அந்தக் கேள்வியை அன்றே நான் இன்னொருவனிடம் கேட்டிருக்க வேண்டும்.

கூட்டம் லாட்ஜின் மாடியில் நடந்தது. ஸ்டேடியம் வருவதை எங்கள் சங்கம் வரவேற்கிறது, வாசல் எங்கள் தெருவைப் பார்த்து அமைய வேண்டும், ஆற்றங்கரைக் கடைகளுக்கு எந்தச் சேதாரமும் வரக்கூடாது. இவ்வளவுதான் பேசினோம். எல்லாரும் தலையாட்டினார்கள். வழக்கம்போல வடை வந்தது, நோட்டு சுற்றியது. பெரிய விஷயம், நிறைய எழுதவேண்டியிருக்கும் என்று அன்றைக்கு மேலே வழக்கத்தைவிடக் கூடுதலாகவே இடம் விட்டிருந்தேன். செயலாளர் என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையது.

அக்கா கூட்டத்துக்கெல்லாம் வருகிறவள் இல்லை. நான்தான் ஆள்விட்டு வரவழைத்தேன். ஈரக்கையை முந்தானையில் துடைத்துவிட்டுப் பேனாவை வாங்கியவள், பக்கத்தைப் பார்த்துத் தயங்கினாள்.

"மேல ஒண்ணும் எழுதலையே அண்ணாச்சி?"

"அப்புறம் எழுதுவேன்க்கா. நான் இருக்கேன்லா?"

அவ்வளவுதான். எட்டாம் வகுப்பு வரை படித்தவள். தன் பேரை முழுசாக, ஒவ்வொரு எழுத்தாக, முன்னெழுத்தோடு போட்டாள். எனக்கு அவசரம். அன்று சாயங்கால ரயிலில் நான் மகள் வீட்டுக்குப் போகவேண்டும். அவள் வீடு மாற்றுகிறாள், சாமான் ஏற்ற இறக்க ஆள் வேண்டும். நோட்டைப் பையில் வைக்கப்போனவனைத் தலைவன் தடுத்தான்.

"ஏலே, நீ பைய ஊருக்குப் போயிட்டு வா. நோட்ட என்ட்ட குடு. நானே எழுதிக்கிடுதேன். எனக்குந்தான் தமிழ் தெரியும்."

பந்தைக் கொடுத்துப் பழகிய கால். நோட்டையும் கொடுத்தேன்.

மகள் இருப்பது பெரிய நகரம். அவள் புதிதாகக் குடிபோன வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்டேடியம் இருந்தது. எனக்கு எப்படி இருந்திருக்கும்! இரண்டாம் நாளே, ஆட்டம் நடக்கிற அன்று, சட்டையை மாட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிளம்பினேன். ஸ்டேடியத்தைச் சுற்றிய தெருக்களையெல்லாம் இரும்புத் தடுப்பு வைத்து அடைத்திருந்தார்கள். கடைகள் பாதி ஷட்டர் இறங்கிக் கிடந்தன. ஒரு டீக்கடை மட்டும் திறந்திருந்தது. பேச்சைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, நாங்குநேரிப் பக்கத்து ஆள்.

"ஆட்டம் அன்னைக்கு யாவாரம் பிச்சுக்கிடும்போல?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஆட்டம் இருந்தா தடுப்பப் போட்டு ஒருத்தனையும் இந்தப் பக்கம் விட மாட்டான். ஆட்டம் இல்லன்னா ஒரு ஈ காக்கா கிடையாது. வாரவன் காரோட நேரா உள்ள போறான், உள்ளயே திங்கான், உள்ளயிருந்தே வீட்டுக்குப் போயிருதான். எனக்கு என்ன கெடச்சுது? அந்தா தெரியுது பாருங்க, சுவரு. அது ஒண்ணுதான்."

"எங்க ஊருல ஆத்தங்கரையில கட்டப்போறாவ. வாசல் எங்க தெருவப் பாத்து."

"நம்ம ஊருலயா? எழுதி வாங்கிட்டியளா அண்ணாச்சி?"

டீயைப் பாதியில் வைத்தேன். அங்கேயே நின்று சேக்காளிக்குப் போன் போட்டேன். தீர்மானம் எழுதிவிட்டானா என்று கேட்டேன். "இல்லலே. நோட்டு அப்படியேதான் கெடக்கு. நீ வா, உக்காந்து பேசி எழுதுவோம்" என்றான். நெஞ்சில் கையை வைத்துச் சொல்கிறேன், அந்தக் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

ஊருக்கு வந்த அன்று காலையிலேயே பார்த்துவிட்டேன். ஆற்றங்கரை வரிசையில் ஒவ்வொரு கடைச் சுவரிலும் சிவப்புப் பெயின்ட்டில் குறி. அக்காவின் மெஸ்ஸில் வாசலில் இல்லை, பின்னால் அடுப்படிச் சுவரில் இருந்தது. அதாவது முழுக் கடையும் போகிறது. அவள் எனக்குத் தட்டை வைத்தாள். "ஏதோ அளக்காவன்னு நெனச்சேன் அண்ணாச்சி. நீங்க வந்ததும் கேட்டுக்கிடலாம்னு இருந்தேன்" என்றாள்.

மாநகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். மேஜையில் இருந்தவர் கோபப்படவெல்லாம் இல்லை. கோப்பைத் திருப்பி ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். எங்கள் நோட்டுப் பக்கத்தின் நகல். நான் விட்ட இடம் முழுக்கச் சேக்காளியின் சாய்ந்த எழுத்து. ஸ்டேடியத்துக்குச் செல்லும் பின்புறச் சாலைக்காக ஆற்றங்கரைக் கடைகளைக் காலி செய்ய ஒருமனதாகச் சம்மதிக்கிறோம் என்றும், பிரதான வாசல் புறவழிச்சாலைப் பக்கம் அமைவதில் ஆட்சேபனை இல்லை என்றும் எழுதியிருந்தது. கீழே எங்கள் எல்லாருடைய கையெழுத்தும். நான் மகள் வீட்டுக்கு ரயில் ஏறிய மறுநாளே கொடுத்திருக்கிறான். நான் போன் போட்டபோது இந்தத் தாள் இந்த மேஜையில் இருந்திருக்கிறது.

"செயலாளர் நீங்கதான சார்? இது ஒங்க கையெழுத்துதான?" என்று அவர் கேட்டார்.

ஆமாம் என்று சொல்வதைத் தவிர என்ன செய்ய? படத்தையும் காட்டினார். புறவழிச்சாலையில் வாசல். வாசலுக்கு நேர் எதிரே அவனுடைய கல்யாண மண்டபம்.

லாட்ஜுக்குப் போனேன். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். சொல்லக் கூடாது, போகிற வழியெல்லாம் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டு போனேன். ஆனால் அவனைப் பார்த்ததும் அழுகைதான் வந்தது.

"ஏம்லே இப்படிச் செஞ்ச?"

"என்ன செஞ்சேன்? ஊருக்கு ஒரு நல்லது வருது. நாலு கடைக்காக அத நிப்பாட்ட முடியுமா? மாத்து எடம் குடுப்பாவ."

"நீ எழுதினத நாம பேசவே இல்லையே!"

அவன் பேப்பரை மடித்தான். "நானா கையெழுத்து வாங்கினேன்? நீதானலே வாங்கின? வெத்துப் பக்கத்துல கையெழுத்து வாங்குதது யாரு பழக்கம்?"

அவன் செய்தது துரோகம், அதில் ஒரு மாற்றுப் பேச்சும் கிடையாது. ஆனால் துரோகம் செய்ய அவனுக்கு வசதியாகப் பாதிப் பக்கத்தைச் சுத்தமாக விட்டு வைத்தவன் யார்?

மெஸ்ஸுக்குத் திரும்பி, அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானக் கூட்டம் ஓய்ந்திருந்தது. அவள் கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்தேன். பெஞ்சைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"வெள்ளம் வந்ததுல்லா, அதுகூட மூணு நாளுல தானா எறங்கிப் போயிருச்சு. இது எறங்குமா?"

"ஆட்சேபனை மனு கொடுப்போம்க்கா. பேசாததை எழுதிட்டான்னு எல்லாரும் சேர்ந்து சொல்லுவோம்."

"ம்" என்றாள். அடுத்த பெஞ்சைத் துடைக்கப் போனாள்.

இரண்டு நாள் உட்கார்ந்து மனுவை எழுதினேன். கூட்டத்தில் என்ன பேசினோம், நோட்டு யார் கையில் இருந்தது, அவன் எழுதியதில் எந்த வரியும் எங்களுடையது அல்ல என்பதையெல்லாம் வரிசையாக எழுதி, முதலில் என் கையெழுத்தைப் போட்டு, கடை கடையாகப் போனேன். ஒரு காலத்தில் நோட்டைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டவர்கள், இப்போது மனுவை இரண்டு தடவை படித்தார்கள். செருப்புக் கடைக்காரர் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "ரெண்டு பேரும் கூட்டுத்தானோன்னு தெருவுல பேசிக்கிடுதாவ. நான் அப்படி நெனைக்கல" என்றார். நினைக்காதவர் அதை ஏன் என்னிடம் சொல்கிறார்?

ஸ்டேடியம் வந்தால் ஊர் செழிக்கும் என்று இன்றும் என் கடையில் நின்று பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்லவர்கள்தான், போன மாதம் நான் பேசியதைத்தான் பேசுகிறார்கள். வாசல் எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்கிறேன். யாருக்கும் தெரியவில்லை. ஆற்றங்கரையில் தகர வேலி போட்டாயிற்று. அதற்குப் பின்னால் மண் அள்ளும் இயந்திரம் காலையிலிருந்து கத்துகிறது.

கடைசியாக மெஸ்ஸுக்குப் போனேன். அக்கா கையைத் துடைத்துவிட்டு, கல்லாவிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அவளிடம் கண்ணாடி இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும். மனுவின் முதல் வரியிலிருந்து வாய்விட்டு, எழுத்துக்கூட்டி, ஒரு வார்த்தை விடாமல் படித்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரச் சொல்லவில்லை.

படித்து முடித்துத் தன் பேரை முழுசாக, முன்னெழுத்தோடு போட்டாள். மற்றவர்கள் கையெழுத்துக்கும் அவள் கையெழுத்துக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு வெற்றிடம் இருந்தது. அதைச் செத்த நேரம் பார்த்தாள். பேனாவை மறுபடி எடுத்து, அந்த இடத்தில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அழுத்திக் கோடு போட்டாள். பார்வையைத் தாளின் மேலே கொண்டுபோனாள். மனுவின் கடைசி வரிக்கும் என் கையெழுத்துக்கும் நடுவிலும் கொஞ்சம் இடம் கிடந்தது. அதிலும் கோடு போட்டாள்.

தாளை என்னிடம் நீட்டினாள்.

"போதுமா சார்?"

போதும் என்றேன்.