டியூப் லைட்டும் புடலம்பூவும்

கோவிலம்பாக்கத்தில் அஞ்சம்மாளைப் பிடிவாதக்காரி என்பார்கள். அடுத்த வீட்டுக்காரி நான் சொல்கிறேன், அந்தச் சொல் அவளுக்குப் போதாது. கையகல நிலம், ஒரு கிணறு, ஒரு புடலைப் பந்தல். புருஷன் போன பிறகு அதுதான் அவளுக்குச் சோறு போட்டது.

எழுபத்திரண்டாம் வருஷம் பக்கத்து நிலத்துக்காரர் சம்பந்தம் தன் நிலத்தை மனை போட்டு விற்க ஆரம்பித்தார். ஆபீஸ் விட்டு வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டுமே! அவள் வேலியோரம் கம்பம் நட்டு டியூப் லைட் மாட்டினார். தெருவே வாயைப் பிளந்து பார்த்தது, நானும்தான்.

அந்த வருஷம் பந்தலில் பூ கொள்ளை, காய் இல்லை. பிஞ்செல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தது. யார் கண் பட்டதோ, பூசணிக்காய் சுற்றிப் போடு என்றேன்.

"கண்ணும் இல்ல, மண்ணும் இல்ல. அங்க பாரு" என்று விளக்கைக் காட்டினாள்.

புடலம்பூ பொழுது சாய்ந்துதான் விரியும். இருட்டில் தெரிய வெள்ளை நிறம், ஓரமெல்லாம் நூல் நூலாகக் குஞ்சம், மணம் வேறு. அத்தனை சிங்காரமும் அந்தியில் வரும் பூச்சிக்காக. பூச்சிகளோ பூவைத் திரும்பியும் பாராமல் சம்பந்தத்தின் விளக்கைச் சுற்றிக்கொண்டிருந்தன.

கொஞ்ச நேரம் விளக்கை அணைத்து வைக்கும்படி கேட்டாள். சம்பந்தம் சிரித்தார்.

"பூச்சிக்காவ யாராவது லைட்ட அணைப்பாங்களா? பேசாம நெலத்த எங்கிட்ட குடுத்துடுக்கா. நல்ல வெல தர்றேன்."

"பூச்சி வரலன்னா போவட்டும். அது வேலைக்கு நான் கீறேன்."

மறுநாள் அந்தியிலிருந்து அவர் விளக்கு வெளிச்சத்திலேயே பந்தலுக்கடியில் நின்றாள். ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு வைத்த பெண் பூவின் நடுவில் தடவினாள். கழுத்து வலித்தது, கொசு பிடுங்கியது. மனை பார்க்க வந்தவர்கள் கிறுக்கு என்று சிரித்தார்கள். அவள் அடுத்த பூவுக்குப் போனாள்.

பிஞ்சு உதிராமல் நின்றது. நேராக வளரக் கல் கட்டித் தொங்கவிட்டாள். பந்தல் நிறையக் காய் தொங்கியதும் சம்பந்தத்துக்கு முகம் செத்துப்போனது.

"என் வெளிச்சத்துலயே வேல பாத்துகினு என்னியே எதுக்குறியா?" என்று விளக்கை அணைத்தார்.

இருட்டில் பூக்கள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. சற்று நேரத்தில் பூச்சிகள் பந்தலுக்கு வந்துவிட்டன. அஞ்சம்மாள் வேலியோரம் சாவகாசமாக உட்கார்ந்து வெற்றிலை மடித்தாள்.

"சம்பந்தம், இன்னிக்கு எனக்கு லீவு. நீ வெளக்க ஏத்தினாலும் காய்க்கும், அணைச்சாலும் காய்க்கும். நெலம் மட்டும் வராது."