ராஜஸ்தானில் ஓர் அமாவாசை

ஜெய்சல்மேர் தாண்டி ஒரு குட்டைக்கரையில், முள்செடிக்குப் பின்னால் நானும் சிதம்பரத்து மச்சானும் குப்புறப் படுத்திருக்கிறோம். கடலூரிலிருந்து ரயிலில் சீட்டுக் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்ததெல்லாம் மணல் நிறத்துக் கல்கௌதாரிகளைப் படம் பிடிக்கத்தான். மத்தியானம் ஊருக்குத் திரும்ப ரயில். இதோ, தண்ணீர் குடிக்கக் கூட்டமாக இறங்குகின்றன. கேமராவில் கண்ணை வைக்கிறேன்.

"கா... கா... கா!"

மொத்தக் கூட்டமும் பறந்துவிடுகிறது. திரும்பினால், லாட்ஜில் கிளறிய புளிச்சோற்றில் ஒரு கைப்பிடியை மணலில் வைத்துவிட்டு மச்சான் வானத்தைப் பார்க்கிறான்.

"இன்னாடா பண்ற?"

"அமாவாச, மாமா. பசி தாங்கல. அப்பாவுக்கு வைக்காம நான் எப்படித் துன்றது?"

பறவைகள் திரும்ப வருமா என்று எங்களை இங்கே கூட்டிவந்த ஜீப்காரரிடம் அரைகுறை இந்தியில் கேட்கிறேன்.

"ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் குடிக்கும். இனி நாளைக்குத்தான்" என்கிறார். "ஆமாம், அவர் யாரைக் கூப்பிட்டார்?"

"என் மாமனாரை."

அவர் முழிக்கிறார். அதற்குள் எங்கிருந்தோ ஒரு காக்கா இறங்கிச் சோற்றைக் கொத்துகிறது.

"மாமா, அப்பா வந்துட்டாரு! சட்டுனு ஒரு போட்டோ எடு. அக்காவுக்கு அனுப்பலாம்."

உசிரோடு இருந்தபோதும் மனுசன் இப்படித்தான், நான் எங்காவது கிளம்புகிற நேரம் பார்த்துச் சாப்பிட வருவார்.

எடுக்கிறேன்.