தட்டுக்காரி

காலை மணி ஆறு இருபது. பாலைக் காய்ச்சி இறக்கி வைத்திருந்தேன். மூடுவதற்காக ஒரு எவர்சில்வர் தட்டைக் கையில் எடுத்தபோது கைப்பேசி அடித்தது. மகளின் எண். பேசியது மகள் இல்லை.

"ஆன்ட்டி, நான் அவ தட்டுக்காரி பேசறேன். பயப்படாதீங்க. விடியக்காலைலேருந்து அவளுக்கு வயித்து வலி தாங்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துட்டோம். வார்டன் மேடமும் இருக்காங்க. ஆபரேஷன் பண்ணணுமாம்."

பயப்படாதீங்க என்று சொன்ன மகளோடு விடுதியில் இருக்கும் அந்தக் குத்தாலத்துப் பெண்ணின் குரலே நடுங்கிக்கொண்டிருந்தது. பிறகு வார்டன் பேசினார். குடல்வால் வெடிக்கும் நிலையில் இருக்கிறது, தள்ளிப்போட முடியாது என்று டாக்டர் சொல்கிறாராம். பதினெட்டு முடிந்த பெண்தான் என்றாலும், சொந்தக்காரர் ஒருவர் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே கொண்டுபோவோம் என்கிறார்களாம். போனில் நான் சொன்னால் போதாதா என்று கேட்டேன். போதாது என்றார்கள்.

நாங்கள் இருப்பது ஓசூரில். மகள் படிக்கும் தஞ்சாவூர் போய்ச் சேர ஏழு மணி நேரம். என் அப்பாவும் அம்மாவும் இல்லை. அண்ணன் கத்தாரில் இருக்கிறார். கணவரின் சொந்தங்கள் எல்லோரும் இந்தப் பக்கத்துக்காரர்கள். தஞ்சாவூருக்குக் கிட்டத்தில் எனக்கென்று இருப்பது ஒரே ஒருத்தி, குடவாசலில் இருக்கும் என் தட்டுக்காரி. அவளோடு நான் பேசிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பேச்சு நின்றதற்குக் காரணம் நான்தான்.

தட்டுக்காரி என்றால் என்னவென்று எங்கள் கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சேரும்போது ஆளுக்கொரு தட்டு கொண்டுவர வேண்டும். அதில் அவரவர் பெயரும் ஊரும் வெட்டியிருக்க வேண்டும். விடுதி திறந்த முதல் வெள்ளிக்கிழமை மாலை, புதிதாய் வந்தவர்களின் தட்டுகளையெல்லாம் கழுவிச் சாப்பாட்டுக் கூடத்தின் நடுவில் கவிழ்த்து அடுக்குவார்கள். பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. ஒவ்வொருத்தியாகப் போய்க் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தட்டை எடுக்க வேண்டும். யார் பெயர் வந்ததோ அவள் எழுந்து வந்து, எடுத்தவளின் தட்டை வாங்கிக்கொள்வாள். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, மாறிய தட்டில் சாம்பார் சாதம் வாங்கி, முதல் கவளத்தை மற்றவளுக்கு ஊட்டுவார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஒன்றைச் சொல்ல வேண்டும். "உன் வீடு என் வீடு. முதல்ல போவேன், அப்புறம் கேப்பேன்."

தட்டுக்காரி வீட்டில் ஏதாவது என்று தெரிந்தால் முதலில் கிளம்பிவிட வேண்டும். என்ன, ஏன், வரட்டுமா என்ற கேள்வியெல்லாம் போய்ச் சேர்ந்த பிறகுதான். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். தட்டு திரும்ப மாறாது. படிப்பு முடிந்து போகும்போதும் அவள் தட்டு என்னோடும் என் தட்டு அவளோடும்தான் போகும். இதை யார் தொடங்கினார்கள் என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் இதை மனதாரச் செய்தார்கள் என்றும் சொல்ல மாட்டேன். எங்கள் வருடத்திலேயே ஒரு பெண்ணின் அப்பா மறுநாள் வந்து, தன் மகளின் தட்டு யாரிடம் போயிருக்கிறது என்று விசாரித்து, அதைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த மாலையில் நான் பயந்தது வேறு காரணத்துக்காக. என் அம்மா நடவுக்கும் களைக்கும் போய் என்னைப் படிக்க வைத்தவள். புதுத் தட்டு வாங்கவில்லை. அம்மா வேலைக்குப் போன பண்ணை வீட்டில் ஒரு கல்யாணத்தின்போது கொடுத்த தட்டைத்தான் கொண்டுவந்திருந்தேன். அதில் அந்த வீட்டுக்காரரின் பெயர்தான் இருந்தது. நான் எடுத்த தட்டில் குடவாசல் என்று ஊர் வெட்டியிருந்தது. எழுந்து வந்தவள் நல்ல உயரம், காதில் கல் தோடு. நில புலன் உள்ள வீட்டுப் பெண் என்று பார்த்தாலே தெரிந்தது. என் தட்டை வாங்கி விளக்கு வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"யாருடி இந்த ஆளு? உன் தாத்தாவா?"

இல்லையென்று தலையாட்டினேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. சாதம் வாங்கி வந்து உட்கார்ந்தாள். "பெரிய கவளமா உருட்டு. எனக்குப் பசிக்குது" என்றாள். மறுநாள் சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய்ப் பாத்திரக் கடையில் அந்தப் பெயருக்குக் கீழே என் பெயரை வெட்டிக்கொண்டு வந்தாள். மேலே இருந்ததைவிடப் பெரிய எழுத்தில்.

முதல் விடுமுறைக்கு என்னைக் குடவாசலுக்கு அழைத்துப் போனாள். என் தட்டையும் எடுத்து வந்திருந்தாள். நான் அதில் சாப்பிட்டு முடித்ததும் அவள் அம்மா அந்தத் தட்டை மட்டும் தனியாகக் கொல்லைக் குழாயடியில் வைத்துவிட்டார். கோபமாகவோ முகம் சுளித்தோ செய்யவில்லை, பழக்கத்தில் செய்தார். என் தட்டுக்காரி போய் அதைத் துலக்கி எடுத்துவந்து, ராத்திரி அதிலேயே தனக்குச் சோறு போட்டுக்கொண்டு அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள். அவள் அப்பா சாப்பாட்டிலிருந்து தலை தூக்காமல், "அந்தத் தட்டு உள்ளயே இருக்கட்டும்" என்றார். அடுத்த முறை போனபோது அது மற்றத் தட்டுகளோடு அலமாரியில் இருந்தது. என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாளும் பகலில் நானும் இரவில் அவளும் மாறி மாறி இருந்தோம். வரட்டுமா என்று அவள் ஒரு முறைகூடக் கேட்டதில்லை.

அந்த அப்பா இறந்த செய்தி எனக்குப் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போது வந்தது. ஆசிரியையாகச் சேர்ந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. மறுநாள் அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. என் வகுப்புப் பதிவேடுகள் முடியாமல் கிடந்தன. போனில் அவள் அழவில்லை. நான்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"நான் வரணுமாடி?"

"நீ உன் பள்ளிக்கூடத்தைப் பாரு" என்றாள்.

பதினாறாம் நாள் போனேன். வாசலில் நின்றிருந்தவள், "வாங்க" என்றாள். காபி கொடுத்தாள், சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றாள். ஒரு குறையும் வைக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்த தூரத்துச் சொந்தத்தை நடத்துவதுபோல நடத்தினாள். அலமாரியில் இருந்த என் தட்டை எடுக்காமல் இலையில்தான் போட்டாள். அதற்குப் பிறகு நான் இரண்டு முறை போன் செய்தேன். "நல்லா இருக்கேங்க" என்றாள். மூன்றாவது முறை செய்ய எனக்கு முகம் இல்லை. ஆனாலும் போன வருடம் மகள் அதே கல்லூரியில் சேர்ந்தபோது அவளுக்குப் பெயர் வெட்டிய தட்டு வாங்கிக் கொடுத்தேன். வழக்கம் இன்னும் இருக்கிறதா என்று முதலில் அதைத்தான் விசாரித்தேன். இருந்தது.

அன்று காலை என் தட்டுக்காரியின் எண்ணுக்கு அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது. திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. செய்தி எழுத உட்கார்ந்தேன். முடிந்தால் வா என்று எழுதி அழித்தேன். மன்னித்துக்கொள் என்று எழுதி அழித்தேன். பதினோரு வருடம் கழித்து, எனக்குத் தேவை வந்தபோது மட்டும் எந்த வாயால் கேட்பது? கடைசியில் மகள் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் ஆபரேஷன் என்ற ஒரு சொல்லையும் அனுப்பினேன்.

கணவர் காரை எடுத்தார். கிருஷ்ணகிரி தாண்டினோம், தருமபுரி தாண்டினோம். நான் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் செய்தியைப் படித்துவிட்டாள் என்று காட்டியது. பதில் இல்லை. நடுவில் குத்தாலத்துப் பெண் அழைத்து, "ஜுரம் ஏறுது ஆன்ட்டி, யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள். தெரியலையம்மா என்று சொன்னேன். கணவர் வேகத்தைக் கூட்டினார். நான் கேட்ட அந்த ஒரு கேள்விக்கான பதில்தான் இந்த மௌனம் என்று நினைத்தேன். அதை என் மகள் அனுபவிக்கிறாளே என்று நினைத்தேன்.

சேலம் நெருங்கும்போது வார்டன் அழைத்தார். "உங்க தங்கச்சி வந்துட்டாங்க மேடம். கையெழுத்துப் போட்டாச்சு. உள்ள கொண்டு போயிட்டாங்க."

எனக்குத் தங்கை கிடையாது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குள் நாங்கள் நுழைந்தபோது ஒன்றரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று வரவேற்பில் இருந்த பெண் சொல்லி, அந்தத் தாளைக் காட்டி என்னிடமும் ஒரு கையெழுத்து வாங்கினாள். உறவுமுறை என்ற இடத்தில் என் தட்டுக்காரி முதலில் "தட்டு" என்று எழுத ஆரம்பித்து, அதை அடித்துவிட்டுப் பக்கத்தில் "சித்தி" என்று எழுதியிருந்தாள்.

மாடியில், அறைக்கு வெளியே, மகளின் தட்டுக்காரிக்குப் பக்கத்து நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். தலையில் நரை. புடவைக் கரையில் காய்ந்த சேறு, கால் நகங்களிலும் சேறு. அவள் வாய்க்காலில் இறங்கிக் கால் கழுவக்கூட நிற்கவில்லை. நாற்றங்காலிலிருந்து நேராக வந்திருக்கிறாள். அன்று அவள் வயலில் நடவு. நாற்றுப் பறித்துப் போட்டுவிட்டு, இறங்கிய ஆட்களையும் விட்டுவிட்டு ஒருத்தி கிளம்பி வருவது என்றால் என்னவென்று நடவு நட்டவளின் மகளான எனக்குத் தெரியாதா. நான் ஒரு நாள் பதிவேட்டை மூடி வைக்க முடியாதவள்.

என் தோள்பையிலிருந்து தட்டின் விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. பாலை மூட எடுத்ததைக் கையோடு பையில் திணித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அதுவரை எனக்கே தெரியாது. அவள் அதைப் பார்த்தாள். எழுந்து வந்து, கையை நீட்டித் தன் பெயர் வெட்டியிருந்த இடத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தடவினாள்.

"அன்னைக்கு நான்..." என்று தொடங்கினேன்.

அவள் என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அறைக் கதவைத் திறந்துவிட்டாள்.

"பாப்பா முழிச்சுக்கிட்டா. உன்னத்தான் கேக்கறா. முதல்ல உள்ள போடி. அப்புறம் கேளு."