வேலி இல்லாத எட்டு ஏக்கர்

அபுதாபிப் பக்கம் அல் ஐனில் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாள், அர்பாப், அதாவது முதலாளி, என்னைத் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே ஒரு மணி நேரம் ஓட்டினார். தார் ரோடு பாதியில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு சரளையும் மணலும்தான். எழுபதுகளின் நடுப்பகுதி அது. எங்கு பார்த்தாலும் கட்டட வேலை. நான் மட்டும் விவசாய டிப்ளமாவை வைத்துக்கொண்டு, தக்காளியும் வெள்ளரியும் போடப் போகிறோம் என்ற நினைப்பில் வந்திருந்தேன்.

வண்டியின் பின்தட்டில் இராமநாதபுரத்துக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். எனக்குத் துணையாகக் கொடுக்கப்பட்ட தொழிலாளி. என் வயதுதான், முப்பது. இரண்டு வருடம் கேம்ப்பில் பட்டாணியர்களோடு இருந்ததில் ஹிந்தி அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அர்பாபுக்கும் இளம் வயதில் பம்பாய்க்குப் போய் வந்த பழக்கத்தில் ஹிந்தி வரும். எனக்கு மட்டும் வராது. ஆகவே அர்பாப் சொல்வது தொழிலாளி வழியாகத்தான் என்னிடம் வந்து சேரும்.

வண்டி ஒரு பள்ளமான இடத்தில் நின்றது. ஒரு கிணறு, டீசல் பம்ப், தகரக் கொட்டகை. ஏழெட்டு மரங்கள். நம் ஊர் வன்னி மரம்தான், அங்கே காஃப் என்பார்கள். மற்றபடி விளக்குமாற்றை நட்டுவைத்த மாதிரி புதர்கள். எட்டு ஏக்கர் என்று அர்பாப் கையை வீசிக் காட்டினார். பிறகு நிதானமாக ஏதோ சொன்னார்.

தொழிலாளி என்னைப் பார்த்தார். "இங்க மான் வரணுமாம் சார்."

"மானா? நல்லாக் கேளுப்பா."

"மான்தான் சார். ஹிரன், ஹிரன்னு ரெண்டு தடவ சொல்லிட்டாரு."

"பிடிச்சுக் கொண்டுவந்து விடுவாங்களா?"

அவர் கேட்டுவிட்டுத் திரும்பினார். "இல்லையாம். அதுவாத்தான் வரணுமாம். வந்து அதுவாத்தான் தங்கணுமாம். வேலி கூடாதாம்."

அர்பாப் என் தோளில் தட்டி, "ஜாலி மாஃபி, முஹந்திஸ்" என்றார். வேலி கிடையாது, இன்ஜினியர் என்று அர்த்தம். நான் இன்ஜினியர் இல்லை. அதைச் சொல்லவும் மொழி தெரியவில்லை.

இந்த வேலை எனக்கு எவ்வளவு குழப்பமாக இருந்தது என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் ஆறு வருடம் சத்தியமங்கலம் மலையடிவாரத்தில் விவசாய உதவியாளராக இருந்தேன். அங்கே சம்பளம் வாங்கியதே நிலக்கடலைக் காட்டுக்குள் மானும் பன்றியும் நுழையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான். பழைய புடவையை வரிசையாகக் கட்டுங்கள், தகர டப்பாவைத் தொங்கவிடுங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தவன். மானை விரட்டப் பத்து வழி தெரியும். வரவழைக்க ஒன்றும் தெரியாது.

தெரியாதவன் எதைச் செய்வான்? தெரிந்ததைச் செய்வான். நிலத்தைச் சுத்தம் பண்ண ஆரம்பித்தேன். புதர்களை வெட்டி, வேரோடு தோண்டி, தரையைச் சமன் செய்து, பாத்தி கட்டி, குதிரைமசால் தீவனம் விதைத்தேன். இடுப்பளவு உயரத்தில் சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டினேன். தொழிலாளிக்கு வெட்டுவதில் மனமில்லை. "வெயில் தணியட்டும் சார்" என்று நாளைத் தள்ளிக்கொண்டே போனார். இரண்டு மாதத்தில் பாதி நிலம்தான் சுத்தமாகியிருந்தது. மேற்குப் பாதியில் புதர்கள் அப்படியே நின்றன. சோம்பேறி என்று மனசுக்குள் திட்டினேன்.

மசால் முழங்காலுக்கு வளர்ந்து பச்சைப் பசேலென்று நின்றது. ஒரு சனிக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் ஒரு இலை இல்லை. பதினோரு ஒட்டகம் தொட்டியைச் சுற்றி நின்று அசை போட்டுக்கொண்டிருந்தன. பாத்தியில் நாற்பது ஐம்பது வெள்ளாடு. பக்கத்துக் குடியிருப்பில் இருந்த ஒரு பதூ மனிதருடையவை. பாலைவன இடையர்களை அப்படிச் சொல்வார்கள்.

அர்பாப் வந்து பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்து முடித்த பிறகு வெட்டிப்போட்ட புதர்க் குவியலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. சத்தம் போட்டார். தொழிலாளி தலையைக் குனிந்துகொண்டு எனக்குச் சொன்னார்: "இதை யாரு வெட்டச் சொன்னதுன்னு கேக்குறாரு சார்."

"சுத்தம் பண்ணினேன்னு சொல்லு."

"சொன்னேன். மான் வந்து எங்க படுக்கும், உங்க கட்டிலிலயான்னு கேக்குறாரு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. தின்னக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். படுக்க இடம் வேண்டும், மறைவு வேண்டும் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. சோம்பேறி என்று நான் திட்டிய ஆள்தான் பாதி நிலத்தைக் காப்பாற்றியிருக்கிறார். அதையும் அவர் தெரிந்து செய்தாரா, வெயிலுக்குப் பயந்து செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டபோது சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றினோம். பதூ மனிதரிடம் அர்பாபே போய்ப் பேசினார். நிலத்துக்கு வெகுதூரம் கிழக்கே, அவர் குடியிருப்புப் பக்கமாகவே, குழாய் இழுத்து அவர் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தனித் தொட்டி கட்டிக்கொடுத்தோம். அவை வருவது பெரும்பாலும் நின்றது. உயரமான தொட்டியை இடித்துவிட்டு, தரையோடு தரையாகச் சரளை பரப்பி ஆழமில்லாத பள்ளம் ஒன்று செய்தோம். வெட்டிய இடத்தில் மறுபடியும் புதர்க்கன்று நட்டேன். பிடுங்கிய கையாலேயே நடுவது என்ன பிழைப்பு என்று தோன்றும். பம்பை நடுப்பகலில் மட்டும் ஓட்டினோம். காலையும் மாலையும் ஒரு சத்தம் இருக்கக் கூடாது.

ஐந்து மாதம் ஒன்றும் வரவில்லை. அல்லது வந்தது எங்களுக்குத் தெரியவில்லை. தினமும் மாலையில் ஈச்ச மட்டையால் பள்ளத்தைச் சுற்றி மணலை இழுத்துவிடுவோம். காலையில் குளம்படி இருக்கும். மானா ஆடா என்பதுதான் வழக்கு.

"மான்தான் சார். ஒல்லியா இருக்கு பாருங்க."

"குட்டி ஆடாக்கூட இருக்கலாமே."

"குட்டி ஆடு தனியா வருமா சார்?"

மறுநாள் நான் மான் என்பேன், அவர் ஆடு என்பார். கடைசியில் வழக்கைத் தீர்த்தது புழுக்கை. மேற்குப் பாதியில், ஒரே இடத்தில், தினமும் புதிதாகக் குவிந்துகொண்டே இருந்தது. ஆடு நடந்துகொண்டே போடும். இப்படித் தேடி வந்து ஒரே இடத்தில் போடாது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நானும் அவரும் உட்கார்ந்திருந்ததை யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

பத்து நாள் கழித்து நேரில் பார்த்தேன். விடிந்துகொண்டிருந்தது. காஃப் மரத்தடியில் மணலே எழுந்து நின்ற மாதிரி ஒன்று. வெள்ளை வயிறு, கறுப்பு வால் துடிதுடித்தது. பிறகு இன்னொன்று. பிறகு இன்னும் மூன்று. ஒட்டகம் தின்றது போக மறுபடி தளிர்த்திருந்த என் மசாலை அவை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்திலிருந்து உதிர்ந்த நெற்றைப் பொறுக்கித் தின்றுவிட்டு, வெட்டாமல் விட்ட புதர்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன. ஐந்தில் ஒன்று குட்டி.

ஊருக்குள் இருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்கு அன்றைக்கு ஓடாத குறையாகப் போனேன். என் மனைவி வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. விவரம் முழுக்கக் கேட்டுவிட்டு, உளுந்தை ஊறப்போட்டபடியே கேட்டாள்: "அது சரிங்க. மான் வந்து அந்த மனுஷன் என்ன பண்ணப் போறாரு?"

ஒரு வருடமாக இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லை என்பதுதான் உண்மை. "பார்க்கத்தான்" என்றேன்.

"பார்க்கறதுக்கா இவ்வளவும்?"

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. அந்தப் பக்கத்து ஆட்கள் வேட்டையில் பிரியம் உள்ளவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான் செய்து வைத்திருப்பது என்ன? ஒரு பொறியா? அர்பாபைக் கேட்க நினைத்தேன். தொழிலாளி வழியாகக் கேட்க வேண்டும். கேட்கும் கேள்வியில் குற்றம் சாட்டுவது போல வந்துவிட்டால்? கேட்கவில்லை.

அர்பாப் மூன்று வெள்ளிக்கிழமை வந்தார். வண்டியை மணல் மேட்டுக்குப் பின்னால் நிறுத்திவிட்டு நடந்து வந்து, பைனாகுலரோடு கொட்டகை வாசலில் உட்காருவார். ஒரு தடவை பைனாகுலரை என்னிடம் கொடுத்தார். எனக்கு அதைத் திருகிச் சரிசெய்யத் தெரியாமல் எல்லாம் மங்கலாகத்தான் தெரிந்தது.

மூன்றாவது வாரம் நாய்த் தடம் பார்த்தோம். ஆளில்லாமல் கூட்டமாகத் திரியும் நாய்கள் நாலைந்து, புதர்ப் பக்கம் மோப்பம் பிடித்துப் போயிருந்தன. அர்பாபிடம் சொல்லச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டுத் தலையாட்டினார், அவ்வளவுதான்.

நாலாவது வெள்ளிக்கிழமை அவர் கையில் துப்பாக்கி இருந்தது.

நாங்கள் முதல் நாளே போய்க் கொட்டகையில் தங்கியிருந்தோம். மேட்டிலிருந்து அவர் இறங்கி வருவது தெரிந்தது. மான்கள் ஐந்தும் பள்ளத்தருகே இருந்தன. குட்டி தண்ணீருக்குள் காலை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தது. அர்பாப் எங்களுக்கு ஐம்பது அடி தூரத்தில் குனிந்து, ஒரு முழங்காலை ஊன்றினார்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல முடியாது. கால்கள் பம்புக்கு நடந்தன. கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டு அலறியது. திரும்பிப் பார்த்தபோது பள்ளத்தருகே ஒன்றும் இல்லை. தூசி மட்டும் மேற்கே போய்க்கொண்டிருந்தது.

அர்பாப் எழுந்து நின்று என்னையே பார்த்தார். தொழிலாளி ஓடி வந்தார். "இப்ப எதுக்கு சார் ஓட்டினீங்க?"

"தண்ணி கொறஞ்சிருந்துச்சுன்னு சொல்லு."

அவர் சொன்னார். அர்பாப் பள்ளத்தைப் பார்த்தார். அது விளிம்பு வரை நிரம்பியிருந்தது. "அச்சா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகு தொழிலாளி சொன்னார்: "அவரு நாயைச் சுடத்தான் கொண்டாந்தாரு சார்."

"உன்கிட்ட சொன்னாரா?"

"சொல்லல. நாய் வருதுன்னு நாமதானே சொன்னோம்."

புதருக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். புது நாய்த் தடம் இருந்தது. அன்று காலையதா முந்தின நாளினதா என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மூன்று வாரம் மான் வரவில்லை. எட்டாம் நாளே, மேற்கே ஒரு மைல் தள்ளி, குட்டியின் எலும்பையும் தோலையும் தொழிலாளி பார்த்துவிட்டு வந்தார். என்னிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நாள் முழுக்கத் தவித்திருக்கிறார். நாய் தின்றதா, தாயைப் பிரிந்து தானே விழுந்ததா என்று தெரியவில்லை என்றார். பம்புச் சத்தத்தில் சிதறாமல் இருந்திருந்தால் அது பிழைத்திருக்குமா? அல்லது அன்றைக்கே குண்டில் செத்திருக்குமா? எந்தப் பக்கம் நினைத்தாலும் மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை.

வேலை போனாலும் போகட்டும் என்று அடுத்த முறை அர்பாப் வந்தபோது நானே, அதற்குள் தொழிலாளியிடம் கற்றுக்கொண்டிருந்த அரைகுறை ஹிந்தியில் கேட்டேன். அன்று துப்பாக்கி மானுக்கா, நாய்க்கா?

அவர் கோபப்படவில்லை. கொட்டகை நிழலில் உட்கார்ந்து, பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றி எனக்கும் ஒன்று கொடுத்தார். பிறகு மெதுவாக, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காகச் சின்னச் சின்ன வார்த்தையாகச் சொன்னார். வீட்டிலிருந்து புறப்பட்டபோது நாய்க்குத்தான் எடுத்தாராம். முழங்கால் ஊன்றிக் குனிந்தபோது பழைய பழக்கம் கைக்கு வந்துவிட்டதாம். அந்த நிமிஷம் எதைச் சுட்டிருப்போம் என்று அவருக்கே தெரியவில்லையாம்.

"நீ பம்ப் ஓட்டினது நல்லதா கெட்டதா, அதுவும் தெரியல" என்றார்.

குட்டியைப் பற்றிச் சொன்னேன். டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அடுத்த வாரமே நாய்களைப் பிடிக்க ஆள் ஏற்பாடு செய்தார். துப்பாக்கியோடு அவரை அங்கே நான் மறுபடி பார்க்கவில்லை.

அந்தக் குளிர்காலம் நல்ல மழை. சரளைக்கு நடுவில் எங்கிருந்தோ புல் வந்தது. மான்களும் வந்தன. நான் மறுநட்டிருந்த கிழக்குப் புதர்களில்கூட ஒன்றிரண்டு படுத்தன. என் மனைவி ஒரு முறையாவது பார்க்க வேண்டும் என்றாள். அர்பாபைக் கேட்டோம், தானே வண்டியில் கூட்டிப்போனார். மேட்டின் மேல் வண்டியை நிறுத்தி, கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, நாங்கள் மூவரும் எண்ணினோம். நான் நான்கு என்றேன். அர்பாப் ஐந்து விரலைக் காட்டினார். அவள், "ஏழு இருக்குங்க, நல்லாப் பாருங்க" என்று என் காதில் சொன்னாள். மறுபடி எண்ணலாம் என்று திரும்பினால் ஒன்று படுத்துவிட்டது, மணலிலிருந்து அதைப் பிரித்தெடுக்க முடியவில்லை.