தாய்லாந்துக்குப் பொங்கிய சோறு

வாடிப்பட்டியில் என் குரலை எல்லோருக்கும் தெரியும். முகத்தைத்தான் தெரியாது. ஆட்டோவில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறதே, அதில் பேசுகிறவள் நான். ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் பரிசோதனை முகாம், குடிதண்ணீர் வராத நாள், யார் வீட்டிலாவது துக்கம் என்றால் எடுக்கும் நேரம், எல்லாம் என் வாய் வழியாகத்தான் போகும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடியில் சின்ன ஒலிப்பதிவுக் கடை. கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, மைக்கின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் கூச்சம் போய்விடும். வெளியே வந்ததும் ஒட்டிக்கொள்ளும். காய்கறிக் கடையில் அரைக்கிலோ வெங்காயம் கேட்பதைக்கூடக் குரலை அமுக்கித்தான் கேட்பேன். என் குரல் தெருவில் எதிரே வந்தால் ஓரமாக ஒதுங்கி, அது போன பிறகு நடப்பேன்.

ஒரு நாள் மத்தியானம் கடைக்கு ஒரு அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் அரசுப் பள்ளியில் பதினொன்றாவது படிக்கிறாள். முழங்காலில் காய்ந்த புண். பள்ளியின் பெண்கள் கால்பந்து அணியில் ஆடுகிறாளாம். சனிக்கிழமை சாயங்காலம் இந்தியப் பெண்கள் அணியும் தாய்லாந்துப் பெண்கள் அணியும் தகுதிச் சுற்றில் மோதுகிறார்கள். அதைப் பள்ளி மைதானத்தில் பெரிய திரை கட்டிக் காட்ட விளையாட்டு டீச்சர் ஏற்பாடு செய்திருக்கிறார். அதற்கு விளம்பரம் பேச வேண்டும்.

"எங்க தெருவுல மட்டும் ரெண்டு தரம் கூடப் போகணும்க்கா," என்றாள் அம்மா.

ஏன் என்று கேட்கவில்லை. நான் எதையும் சட்டென்று கேட்டுவிட மாட்டேன். அவளே சொன்னாள். மகளுக்கு வெளி மாவட்டத்தில் ஒரு விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்திருக்கிறது. அங்கேயே தங்கி, அங்கேயே படித்து, ஆட வேண்டும். திங்கட்கிழமைக்குள் போய்ச் சேராவிட்டால் இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அப்பா விடமாட்டேன் என்கிறார்.

"பொம்பளப் புள்ளைக பந்து ஒதைக்கிறத எவன் பாக்க வரப்போறான்னு ஒரே பேச்சு. ஊரே வந்து பாத்துச்சுன்னா வாயடைச்சுப் போவாருல்ல. நான் சொன்னா அவருக்கு ஏறாதுக்கா. மைக்குல சொன்னா அப்படியே நம்புவாரு."

நான் அன்றுவரை ஒரு கால்பந்து ஆட்டத்தையும் முழுதாகப் பார்த்ததில்லை. கபடிப் போட்டிக்கு நிறையப் பேசியிருக்கிறேன். அதில் அணிகளின் பெயர், இடம், பரிசு, தலைமை தாங்குவோர், அத்தோடு முடிந்துவிடும். இன்னும் நடக்காத ஓர் ஆட்டத்தைப் பற்றி அதற்கு மேல் என்ன சொல்வது? அந்தப் பிள்ளையிடமே கேட்டேன்.

"தகுதிச் சுற்றுன்னா என்னம்மா? ஜெயிச்சாக் கோப்பையா?"

"கோப்பையெல்லாம் இல்ல பெரியம்மா. பெரிய போட்டி ஒண்ணு இருக்கு. அதுக்கு உள்ள போறதுக்கே இந்தப் போட்டி. ரெண்டு டீமும் இதுவரைக்கும் ஆடுன எல்லாத்துலயும் ஜெயிச்சிருக்கு. இதுல யாரு ஜெயிக்கிறாகளோ அவுகதான் உள்ள. தோத்தவுக வீட்டுக்கு."

"ஜெயிச்சுக்கிட்டே வந்தாலுமா?"

"ஆமா பெரியம்மா."

இது எனக்கு விசித்திரமாக இருந்தது. எதுவும் கையில் வராத ஒரு ஜெயிப்பு, வாசலுக்குள் நுழைய மட்டும். அந்த வாசலிலேயே இத்தனை சண்டை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனில் அந்த இரண்டு அணிகளின் பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தேன். விதிகள் பாதி புரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. தாய்லாந்துப் பெண்களில் ஒருத்தி பந்தை அடிக்கும் முன்னால் ஒவ்வொரு தடவையும் தலைமுடி ரப்பரை அவிழ்த்து மறுபடி போடுகிறாள். நம் பக்கத்துப் பெண் ஒருத்தி கீழே விழுந்தால் முதலில் எழுந்து நிற்பதில்லை, படுத்தபடியே பந்து எங்கே போகிறது என்று பார்க்கிறாள். கோல் காக்கிற பெண் ஆட்டம் அந்தப் பக்கம் நடக்கும்போது தனியாக என்ன நினைத்துக்கொண்டு நிற்பாள்? இவ்வளவு பேர் பார்க்கும்போது இவர்களுக்குக் கால் கூசாதா? தாய்லாந்தில் என்ன சாப்பிடுவார்கள் என்றுகூடத் தேடிப் பார்த்தேன். அரிசிச் சோறுதான். நம்மைவிடக் காரம் அதிகமாம்.

மறுநாள் இப்படிப் பேசிப் பதிவு செய்தேன்:

"வாடிப்பட்டி சுற்றுவட்டாரத் தாய்மார்களே, பெரியோர்களே! வருகிற சனிக்கிழமை மாலை நமது பள்ளி மைதானத்தில், பெரிய திரையில், இந்தியப் பெண்கள் அணியும் தாய்லாந்துப் பெண்கள் அணியும் மோதும் கால்பந்துத் தகுதிச் சுற்று ஆட்டம்! இதுவரை இரண்டு அணியும் தோற்றதில்லை. இருப்பது ஒரே ஒரு இடம். உள்ளே போகப்போவது யார், திரும்பி நடக்கப்போவது யார்? விழுந்தாலும் பந்தை விட்டுக் கண்ணை எடுக்காத நம் பிள்ளைகளைக் காண வாருங்கள்!"

கடைக்கார அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "ஏம்மா, எனக்கே போகணும்போல இருக்கே," என்றார். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் ஆட்டோ ஓடியது. சனிக்கிழமை மத்தியானம் அந்த அம்மா போன் செய்தாள். 

"அக்கா, குடி கெட்டுச்சு. இவரு தாய்லாந்துப் புள்ளைகளுக்குச் சோறு பொங்கிக்கிட்டு இருக்காரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மூச்சு வாங்கிச் சொன்னாள். எங்கள் பக்கத்தில் கபடிப் போட்டி நடந்தால் வெளியூர் அணிகளைத் தெருவுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொள்வார்கள். அந்த அணி வந்து இறங்குவது முதல் வண்டி ஏறுவது வரை சோறு, தண்ணீர், படுக்க இடம் எல்லாம் அந்தத் தெருவின் பொறுப்பு. அவள் தெருவில் அது எப்போதும் அவள் வீட்டில்தான். என் அறிவிப்பைக் கேட்டதும் அவள் வீட்டுக்காரர் எப்போதும் போல அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டுவிட்டார்.

"பெரிய திரையின்னுதானே சொன்னேன்?"

"இப்பக் கபடிக்கும் ஜல்லிக்கட்டுக்கும் பக்கத்துலயே பெரிய திரை கட்டுறாகள்ல, பின்னாடி நிக்கிறவுக பாக்குறதுக்கு. அந்தத் திரையின்னு நெனச்சுட்டாரு. எனக்கே இப்பத்தான் தெரியும், காலையில இருந்து எங்க அம்மா வீட்டுல இருந்தேன். வந்து பாத்தா தேங்காய்க் கொட்டகையக் கழுவி, கட்டில் போட்டு, சமையக்காரரையும் வரவச்சுட்டாரு. நீங்க வந்து சொல்லுங்கக்கா. உங்க கொரலக் கேட்டா நம்புவாரு."

"நானா?"

"மகளும் நானும் சொன்னா, எங்கள ஏமாத்தப் பாக்குறீகளான்னு ஏறுவாரு. ஊரு முன்னால அசிங்கமாப் போச்சுன்னா அப்புறம் பந்துங்கிற பேச்சே வீட்டுல எடுக்க முடியாது. திங்கக்கெழமைக்கு அம்புட்டுதான்."

நான் போவதாகச் சொல்லவில்லை. போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினேன். வழியெல்லாம் என்ன சொல்வது என்று யோசித்தேன். எழுதி வைத்துக்கொண்டு பேசியே பழகியவள் நான்.

அவள் வீட்டுக்காரருக்குத் தேங்காய் வியாபாரம். வாசலில் கோலம் பெரிதாக இருந்தது. கொட்டகையில் மட்டையுரித்த தேங்காய்களை ஒரு மூலையில் குவித்துவிட்டு, மீதி இடத்தில் கயிற்றுக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றிலும் புதுத் துண்டு. வெளியே அடுப்பில் பெரிய அண்டா. அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சமையல்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காரத்தக் கொறைய்யா. கடல் தாண்டி வர்ற புள்ளைக, கண்ணுல தண்ணி வந்துரக் கூடாது."

தெருவில் போன ஒருவர் பைக்கை நிறுத்தி, காலை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "என்ன மாப்ள, ஏரோப்ளேன் எங்க எறங்குது? கம்மாயி வத்தித்தானே கெடக்கு, அதுல எறக்கிருவோமா?"

"போடா, போய் உன் சோலியப் பாரு. உன் வீட்டுல எவன் வந்து தங்கியிருக்கான்? வயித்தெரிச்சல்."

பைக்காரர் சிரித்துக்கொண்டே போனார். கொட்டகைக் கதவோரம் மகள் நின்றாள். அப்பாவைப் பார்ப்பதும் தரையைப் பார்ப்பதுமாக இருந்தாள். அம்மா என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள்.

"அண்ணே," என்றேன்.

அவர் சட்டென்று திரும்பினார். "இது மைக்குல பேசுற கொரலுல்ல? வாம்மா, வா. நல்ல நேரத்துல வந்த. உனக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தப் புள்ளைக மீன் திங்குமா? கொழம்புல போடவா, வறுக்கவா? என் மகளக் கேட்டா முழிக்கிறா. பந்து ஆடுறவளுக்கு இது தெரிய வேணாமா?"

அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. தேங்காய்க் குவியலைப் பார்த்தேன்.  கடைசியில் பேச்சு வந்தபோது அது ஆட்டோ பேச்சாகத்தான் வந்தது.

"ஆட்டம் தாய்லாந்து நாட்டில் நடைபெறுகிறது. அவர்கள் இங்கே வரவில்லை. நமது பிள்ளைகள்தான் அங்கே போயிருக்கிறார்கள். மைதானத்தில் அது திரையில் மட்டும் காட்டப்படும்."

அண்டாவில் கரண்டி நின்றது. சமையல்காரர் வேறு பக்கம் பார்த்தார். அம்மா சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தேங்காய்க்காரர் என்னையே பார்த்தார். பிறகு கட்டில்களைப் பார்த்தார், ஒவ்வொன்றாக. திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு கட்டிலில் உட்கார்ந்து, புதுத் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"நம்ம புள்ளைக அங்க போயிருக்கா?"

"ஆமாண்ணே."

"நம்ம ஊரு புள்ளைக மாதிரி புள்ளைகளா?"

"வயசு கொஞ்சம் கூட இருக்கும். ஆனா இது மாதிரிதான்." மகள் நின்ற பக்கம் கையைக் காட்டினேன்.

"அப்ப அங்க அதுகளுக்கு யாரு சோறு போடுறா?"

 போனில் நான் எத்தனையோ பார்த்தேன், இதைப் பார்க்கத் தோன்றவில்லை. "தெரியலண்ணே," என்றேன். "ஆனா அவங்க ஊருலயும் சோறுதான். நம்மள விடக் காரம் கூடவாம்."

அவர் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி, காரமே இல்லாமப் பொங்க வச்சுட்டேனே!"

முதலில் சமையல்காரர்தான் சிரித்தார். பிறகு அம்மா. தேங்காய்க்காரர் சிரிக்கவில்லை. மகளைக் கூப்பிட்டார்.

"நீ போகணுங்கிற விடுதி எம்புட்டு தூரம்?"

"காலையில பஸ் ஏறுனா மத்தியானம் ஆயிருதுப்பா."

"அங்க யாரு பொங்குறா? ஆம்பளையா, பொம்பளையா? நீ போய்ப் பாத்தியா?"

"டீச்சர் பாத்திருக்காங்க. ரெண்டு அக்கா சமைக்கிறாங்களாம்."

"டீச்சர் பாத்தா? டீச்சரா திங்கப்போறா?" என்று எழுந்தார். அவ்வளவுதான். சம்மதித்தாரா, கோபமா என்று அவர் மனைவிக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

பொங்கிய சோற்றை என்ன செய்வது? அதையும் அவரே முடிவு செய்தார். அண்டாவோடு சரக்கு ஆட்டோவில் ஏற்றச் சொன்னார். சாயங்காலம் மைதானத்துக்குப் போனோம். நானும் போனேன். ஆட்டோவில் அண்டாவைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று ஏற்றிவிட்டார்கள்.

திரையின் முன்னால் நான் நினைத்ததைவிடக் கூட்டம். பெண்கள்தான் அதிகம், இடுப்பில் பிள்ளைகளோடு. பள்ளி அணிப் பிள்ளைகள் சட்டையில் எண்ணோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் கேலி செய்த பைக்காரரும் வந்திருந்தார், குடும்பத்தோடு. தேங்காய்க்காரர் யார் முகத்தையும் பார்க்காமல் பாக்குமட்டைத் தட்டுகளை எடுத்து அணிப் பிள்ளைகளுக்குத் தானே பரிமாறத் தொடங்கினார்.

"சித்தப்பா, குழம்புல உப்பு, புளி எல்லாம் இருக்கு. மொளகாயத்தான் காணோம்," என்றாள் ஒருத்தி.

"தின்னு கழுத. தாய்லாந்துக்காரிக்குப் பொங்குனது உனக்குக் கெடச்சிருக்கு."

பைக்காரர் தட்டை நீட்டினார். "எனக்கும் போடு மாப்ள. வெளிநாட்டுச் சாப்பாடு தின்னு நாளாச்சு."

அவருக்கும் போட்டார், கொஞ்சம் அதிகமாகவே.

திரையில் இரண்டு அணியும் வரிசையாக மைதானத்துக்குள் வந்தன. முடி ரப்பரைக் கழற்றிப் போடுகிற பெண் இருக்கிறாளா என்று தேடினேன். முகங்களை மெதுவாகக் காட்டிக்கொண்டு போனார்கள். நம் பெண்கள் வந்ததும் கூட்டம் விசில் அடித்தது. தேங்காய்க்காரர் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே நின்று அந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அத்தனை கூர்மையாக அங்கே வேறு யாரும் பார்க்கவில்லை.

"மெலிஞ்சுதான் கெடக்குதுக," என்றார்.

பிறகு கையைக் கழுவிவிட்டு மகளின் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். அவர் திரையைப் பார்த்தபடியே கேட்டது பின்னால் இருந்த என் காதில் விழுந்தது.

"விடுதியில, வீட்டுல அரைச்ச பருப்புப்பொடி குடுத்துவிட்டா வாங்கிக்குவாகளா?"

அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"வாங்கிக்குவாகப்பா," என்றாள்.

"அப்ப நாளைக்கு அரைச்சுருவோம். திங்கக்கெழம நானும் வாரேன். அந்த அடுப்படிய நான் பாக்கணும்."

திரையில் நடுவர் விசிலை வாயில் வைத்தார்.