பூசைக்குப் போகாத ஞானத்தகப்பன்

பூசைப் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் பிரான்ஸ் போலீஸ் நம்மைத் தொடாது என்று நம்பியவன் நான். சிரிக்காதீர்கள். பிராங்க் போய் யூரோ வந்த புதிது. பாரிஸை ஒட்டிய எங்கள் ஊர் ரயிலடியில் வாரம் இரண்டு தரமாவது என் பப்பியேவை, அதாவது அடையாளக் காகிதங்களை, வாங்கிப் பார்ப்பார்கள். பக்கத்தில் போகும் வெள்ளைக்காரர் பீரங்கியை இழுத்துக்கொண்டு போனாலும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை, சிலுவை போட்ட புத்தகம், வாய் நிறைய புதுச்சேரிப் பள்ளிக்கூடத்துப் பிரெஞ்சு. எனக்கு ஒரு தைரியம்.

ஒரு ஞாயிறு சுவரோரம் நிறுத்திப் பையைக் கொட்டினார்கள். "எங்கே போகிறாய்?" "பூசைக்கு." "எப்போது மதம் மாறினாய்?" "எங்கள் வீட்டில் மாறி முந்நூறு வருஷம் இருக்கும், ஐயா." கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து ஜோட்டையும் கழற்றச் சொன்னார்கள். ஒற்றைக் காலில் நான் ஆடிக்கொண்டிருந்தபோது கோயிலுக்குப் போகிறவர்கள் வரிசையாகக் கடந்து போனார்கள். பூசையில் 'சமாதானம்' சொல்லி வாராவாரம் என் கையை இறுக்கிப் பிடிக்கும் அம்மாளும் போனார். தன் குடைக் கம்பியை அவர் அவ்வளவு அக்கறையாக ஆராய்ந்து நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். நாங்கள் எல்லோரும் கும்பிடுவது ஒரே சாமி என்றால், அந்தச் சாமி அன்று யார் பக்கம் நின்றது? பத்து மாதம் கோயில் பக்கமே போகவில்லை. வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். முதல் மூன்று ஞாயிறும் இடி விழுமோ என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் புதுச்சேரியிலிருந்து அக்கா போன் செய்தாள். பேரனுக்கு ஞானஸ்நானம், நான்தான் பர்ரேன், ஞானத்தகப்பன். வாயைத் திறக்காமல் விமானம் ஏறி வந்துவிட்டேன். ஞானத்தகப்பன் எல்லோர் முன்னிலும் மூன்று முறை 'விசுவசிக்கிறேன்' என்று சொல்ல வேண்டும். அதற்கும் முன்னால், இவன் ஒழுங்காகப் பூசைக்கு வருகிறவன் என்று நான் இருக்கும் ஊர்ப் பங்குச் சாமியார் கடிதம் தர வேண்டும். என்னிடம் இரண்டுமே இல்லை. ஐம்பது வயதில், வீட்டுப்பாடம் எழுதாதவனைப் போல அடுப்படி வாசலில் சுற்றிச் சுற்றி வந்தேன்.

பெரிய மார்க்கெட்டில் வாங்கிய மீனை அக்கா கழுவிக்கொண்டிருந்தபோது மெல்ல ஆரம்பித்தேன். "செல்வியோட அண்ணன் அந்தோணி இருக்காரே, அவரயே நிறுத்துனா இன்னாக்கா?" செல்வி அக்காவின் மருமகள், குழந்தையின் அம்மா. அந்தோணி கதிர்காமம் ஆஸ்பத்திரியில் நர்ஸ், ஞாயிறு தவறாதவர்.

"அவனா? நல்லவந்தாண்டா, நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அவுங்க காலனி ஜனம். கல்யாணம் நடந்துபோச்சு, சரி. பர்ரேன்னு ஆயிட்டா நாளைக்கு நம்ம வூட்டு விசேஷத்துக்கெல்லாம் முன்னாடி வந்து நிப்பான். அதுக்குத்தான் உன்ன வரவச்சது. பிரான்ஸ்லேர்ந்து மாமா வந்துட்டாருன்னா அவுங்க வாயத் தொறக்க முடியுமா?"

அங்கே என்னைச் சுவரோரம் நிறுத்தினார்கள். இங்கே அந்தோணிக்கு நானே சுவர். அதுவும் விமானம் ஏறி வந்த சுவர்.

நெஞ்சை நிமிர்த்தி நியாயம் பேசினேன் என்று எழுத ஆசைதான். சொன்னது இவ்வளவே: "அக்கா, நான் பூசைக்குப் போயி பத்து மாசம் ஆவுது. கடுதாசி கெடைக்காது. விசுவசிக்கிறேன்னு பொய் சொல்லவும் வராது."

மீன் கையிலிருந்து நழுவியது. "சாமி இல்லன்னு சொல்ற அளவுக்கு வந்துட்டியாடா?"

"இருக்கான்னு கேட்டுக்கினு இருக்கேன்." ஜோட்டுக் கதையைச் சொன்னேன். குடைக்கார அம்மாளையும் சொன்னேன்.

அக்கா நழுவிய மீனை எடுத்து மறுபடி அலசினாள். பிறகு, "அதுக்குச் சாமி இன்னாடா பண்ணும்?" என்றாள்.

"சாமி யாரு பக்கம்னு அந்தோணி வந்து உன்னக் கேட்டா?"

"வாய மூடு" என்று செதிலைச் சீவினாள். முழு மீனும் சுத்தமான பிறகுதான் தீர்ப்பு வந்தது: "சாமியக் கும்புடாதவனுக்கு அவனே மேலு."

ஞானஸ்நானத்தன்று அந்தோணிதான் குழந்தையை ஏந்திக்கொண்டார். மூன்று முறையும் கணீரென்று 'விசுவசிக்கிறேன்' என்றார். கோயில் வாசலில் நின்றுகொண்டு அந்தச் சொல் எனக்கு வருகிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அங்கிருந்து போகவும் தோன்றவில்லை. ஒரு பக்கம் வெயில், ஒரு பக்கம் மின்விசிறிக் காற்று, சுகமாகவே இருந்தது. விருந்து அந்தோணி வீட்டில். அக்காவும் வந்தாள். காப்பி மட்டும் குடித்தாள்.